ஆழ்கடல் அகழிப் படிவுகளும் நுண்ணுயிர்களும்

கடலடியில் 6,000 மீட்டருக்கும் கீழே இறங்கும் நீண்ட, ஒடுங்கிய பள்ளங்கள் ஆழ்கடல் அகழிகள் எனப்படும். ஒரு புவித்தட்டு மற்றொன்றின் அடியில் செருகும் இடங்களில் இவை உண்டாகின்றன. வெயில் எட்டாத அந்தச் சேற்றில் உயிர் உண்டா, உண்டெனில் அதற்கு உணவு எது என்ற கேள்விகளுக்கு விடை காண நூறாண்டுகளுக்கு மேலாயிற்று.

1841-42இல் ஏஜியன் கடலை ஆராய்ந்த எட்வர்டு ஃபோர்ப்ஸ், ஏறத்தாழ 300 பாகத்துக்குக் (550 மீட்டர்) கீழே உயிரே இராது என்று கருதினார். அவர் ஆராய்ந்த கடல் இயல்பாகவே உயிர்வளம் குன்றியது. அங்கு கண்டதை எல்லாக் கடல்களுக்கும் பொருத்தியதுதான் பிழை. சேலஞ்சர் கப்பலின் பயணம் (1872-76) அக்கருத்தை உடைத்தது. 1880களில் பிரெஞ்சு ஆய்வாளர் செர்த், சுமார் 5,000 மீட்டர் ஆழத்துச் சேற்றிலிருந்து பாக்டீரியாக்களை வளர்த்துக் காட்டினார்.

மிக ஆழமான அகழிச் சேறு கைக்குக் கிடைத்தது 1951இல். டென்மார்க்கின் கலாதியா கப்பல் பிலிப்பைன் அகழியில் 10,000 மீட்டருக்கும் கீழிருந்து அதை எடுத்தது. கப்பலில் இருந்த கிளாட் சோபெல், அதிலிருந்த பாக்டீரியாக்கள் சாதாரண அழுத்தத்தைவிட 1,000 வளிமண்டல அழுத்தத்தில் நன்கு வளர்வதைக் கண்டார். மேலிருந்து தற்செயலாக விழுந்தவை அல்ல, அங்கேயே வாழ்பவை என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று.

இனி உணவு. காஞ்சிபுரம் மாவட்டத்துத் தென்னேரி போன்ற ஏரிகளில் வண்டல் தாழ்ந்த இடத்தை நோக்கியே போய்ச் சேரும். அகழியும் அப்படித்தான். இறந்த மிதவை உயிர்கள், கழிவுத் துகள்கள், ஆறுகள் கொண்டுவரும் மட்கு ஆகியவை சரிவுகளில் தங்கிப் பின் அடிக்குச் சரிகின்றன. நிலநடுக்கம் இதை ஒரே நாளில் செய்துவிடும். 2011ஆம் ஆண்டு ஜப்பான் நிலநடுக்கத்துக்கு நான்கு மாதங்களுக்குப் பின், 7,000 மீட்டருக்கும் கீழே ஜப்பான் அகழிச் சேற்றில் புகுஷிமா அணுஉலையின் சீசியம் காணப்பட்டது. மேற்பரப்பில் விழுவது எவ்வளவு விரைவில் அடி சேர்கிறது என்பதற்கு இதைவிடக் கசப்பான அளவுகோல் தேவையில்லை. மரியானா அகழியின் அடியில் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை உண்ணும் வேகம், அருகிலுள்ள 6,000 மீட்டர் ஆழச் சமவெளியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு என்று 2013இல் ரோனி குளுட் குழுவினர் அறிவித்தனர்.

வங்காள விரிகுடாவின் கதை சற்று வேறு. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் வண்டலைக் கொண்டுவருகின்றன. அது சுமார் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு விசிறிபோல் பரந்து கிடக்கிறது. நிக்கோபார், வட சுமத்திரா அருகே சுந்தா அகழியையும் அது பெருமளவு நிரப்பிவிட்டது. அதனால் அவ்வகழியின் மிக ஆழமான இடம் (சுமார் 7,200 மீட்டர்) வெகுதொலைவில், சாவகத்துக்குத் தெற்கே உள்ளது. இமயத்து மட்கின் கரிமம் பெரும்பாலும் சிதையாமல் இங்கு புதைகிறது என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2007இல் காட்டினர். புதைந்த கரிமம் கரியமில வாயுவாகக் காற்றுக்குத் திரும்புவதில்லை. உலகின் தட்பவெப்பத்தில் அதற்கும் பங்குண்டு.

புதைந்தது அனைத்தும் சும்மா கிடப்பதுமில்லை. 2025இல் வெளியான சீன ஆய்வு, குரில்-கம்சட்கா அகழியில் 9,533 மீட்டர் ஆழத்தில் குழாய்ப்புழுக் கூட்டங்களைக் கண்டது. படிவுக்குள் நுண்ணுயிர்கள் பழைய கரிமப் பொருளிலிருந்து உண்டாக்கும் மீத்தேன் அங்கு உயிர்களுக்கு ஆதாரமாகிறது.

சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் மூவர் செல்லும் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியை உருவாக்கி வருகிறது. அதன் எல்லை 6,000 மீட்டர், அதாவது அகழிகளின் வாசற்படி.