எல். கிருஷ்ணனும் 1955 என்னும் எல்லைக்கோடும்

மலாய்த் திரைப்பட வரலாற்றை எழுதுவோர் வழிவழியாக ஒரு வாசிப்பை ஏற்று வந்திருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட இயக்குநர்கள் இந்தியக் கதைகளையே மலாய் உடையில் எடுத்தார்கள், 1955இல் பி. ரம்லி 'பெனாரெக் பெச்சா'வை இயக்கிய பிறகே மலாய்த் திரை சொந்தக் காலில் நின்றது என்பது அது. இதன் பாதியை மறுப்பதற்கில்லை. மலாய் அறியாத இயக்குநர்களின் வசனங்களைச் சிங்கப்பூரில் ஷா நிறுவனத்தின் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புத் தளத்தில் மலாய் உதவியாளர்கள்தாம் பெயர்த்துக் கொடுத்தார்கள். ஆனால் ராஜ்ஹன்ஸ், பானி மஜும்தார் முதலியோர் வரிசையிலேயே எல். கிருஷ்ணனையும் வைப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

கிருஷ்ணன் 1922இல் சென்னையில் பிறந்தவர். சிறுவயதிலேயே பினாங்கு வந்து அங்கேயே வளர்ந்தவர். மலாய் அவருக்குத் தெருவில் பேசிப் பழகிய மொழி. அவரை 'இந்திய இயக்குநர்' என்று எழுதும்போது பிறந்த ஊர் மட்டும் கணக்கில் வருகிறது, வளர்ந்த ஊர் விடுபட்டுப் போகிறது.

1950இல் அவர் இயக்கிய 'பக்தி'யை இங்கே நின்று பார்க்க வேண்டும். 1948இல் ராஜ்ஹன்ஸின் 'சிந்தா'வில் ரம்லி வில்லன். கதாநாயகன் ரூமாய் நூருக்குத் திரைக்குப் பின்னாலிருந்து பாடியவரும் அவரே. தழும்பேறிய முகம் நாயகனுக்கு ஆகாது என்பது அன்றைய எண்ணம். 'பக்தி'யில் காஸ்மா பூத்திக்கு எதிரே அந்த முகத்தையே நாயகனாக நிறுத்தினார் கிருஷ்ணன். குரலும் முகமும் ஒருவருடையவையாக ஆன படம் இது. ரம்லியும் பினாங்குக்காரர், 1929இல் அங்கே பிறந்தவர். ஒரே தீவில் வளர்ந்த இருவர் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள் என்றே நான் வாதிடுவேன். அந்தத் தேர்வுக்கு ஊர்ப்பாசம்தான் காரணம் என நிறுவ ஆவணம் கிடையாது. ஆயினும், எல்லைக்கோட்டை 1955இலிருந்து 1950க்கு நகர்த்த அந்தத் தேர்வே போதும். பெனாரெக் பெச்சாவின் இயக்குநரை நாயகனாக்கியது அதுதானே!

கிருஷ்ணன் பின்னர் காத்தே-கெரிஸ் என்னும் போட்டி நிறுவனத்துக்கு மாறினார். 1958இல் அங்கே 'ஓராங் மின்யாக்' எடுத்தார். அதே ஆண்டில் ஷா நிறுவனத்துக்காக ரம்லி 'சும்பா ஓராங் மின்யாக்' எடுத்தார். எண்ணெய் பூசிய மனிதனைப் பற்றிய நாட்டார் நம்பிக்கையே இரண்டுக்கும் கரு. யார் யாரைப் பின்பற்றினார் என்ற கேள்வியை இப்போதைக்குத் திறந்தே விடுகிறேன். ஆனால் இந்தியக் கதையை மலாய் உடையில் எடுத்தவர் என்ற குற்றச்சாட்டு கிருஷ்ணனின் 'ஓராங் மின்யாக்' முன் நிற்காது. அடுத்து ஹுலு கிளாங்கில் எழுந்த மெர்டேக்கா படப்பிடிப்புத் தளத்திலும் அவர் பணியாற்றினார். அதன் தொடக்கம் 1960 என்றும் 1961 என்றும் இருவிதமாகப் பதிவாகியுள்ளது. நிறுவனம் பதிவான ஆண்டும் படப்பிடிப்பு தொடங்கிய ஆண்டும் கலந்துபோனதால் இந்த வேறுபாடு வந்திருக்கலாம்.

இத்தகைய ஆண்டுக் குழப்பங்களைத் தீர்க்கச் சிங்கப்பூர் நாளிதழ்கள் மட்டும் போதா. சிரம்பான் கொட்டகைகளிலும் நெகிரி செம்பிலான் தோட்டத் திடல்களில் கட்டிய துணித்திரைகளிலும் படம் பார்த்த தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. சிரம்பானை அடுத்த அம்பாங்கான் சுற்றுவட்டாரத்தில் லயத்து வீட்டுப் பெட்டிகளில் பழைய ஜாவி விளம்பரத் தாளோ பாட்டுப் புத்தகமோ இருந்தால், தேதி தெரியும் பக்கத்தைப் படமெடுத்து வைத்துவிட்டு, மூலத்தைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒப்படையுங்கள்.