நிறம் பூசிய விதையின் கதை



மாரி தொடங்கப் போகிறது. வேலணையிலும் நயினாதீவிலும் வீட்டுத் தோட்டத்துக்கு விதைப் பைக்கற் வாங்கும் நாட்கள். சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் பூசிய விதைகளை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்த நிறத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

விதையை அப்படியே மண்ணில் போடாதே என்பது நம்மவர்களின் பழைய அறிவு. கத்தரி விதையைக் கழுவி, சாம்பலில் பிரட்டி உலர்த்துவோம். பாகல், புடோல் விதையை இரவில் ஊறவைப்போம். பருத்தி விதைக்குச் சாணம் பூசச் சொல்கிறது அர்த்தசாஸ்திரம்.

இங்கிலாந்துக்காரருக்குக் கடல்தான் இதைக் கற்பித்தது. 17ஆம் நூற்றாண்டில் பிரிஸ்டல் அருகே கோதுமைக் கப்பலொன்று மூழ்கியது. மீட்ட தானியம் ரொட்டிக்கு ஆகாதென்று விதைத்தார்கள். அந்த வருடம் மற்ற வயல்களில் கதிர் கருந்தூளாகிப் போக, இந்தக் கோதுமை மட்டும் தப்பியது. ஜெத்ரோ டல் என்பவர் எழுதிவைத்த செய்தி இது. (உவர்நீரோடு மல்லுக்கட்டும் தீவாருக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்!) விதையில் ஒட்டியிருக்கும் பங்கசு வித்திகளே அந்த நோய்க்குக் காரணம், மயில்துத்தக் கரைசல் அவற்றைத் தடுக்கும் என்று 1807இல் பிரெவோ காட்டினார்.

20ஆம் நூற்றாண்டில் பாதரசம் வந்தது. 1971இல் ஈராக்கிய விவசாயிகளுக்கு மெதைல் பாதரசம் பூசிய கோதுமையும் பார்லியும் விதைக்கக் கொடுக்கப்பட்டன. அடையாளத்துக்குச் சாயமும் பூசியிருந்தது. ஆனால் சாக்குகளில் எச்சரிக்கை ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அரபு பேசும் கிராமத்தவர் எதை வாசிப்பது? கழுவினார்கள், சாயம் போனது, நஞ்சு போகவில்லை. ரொட்டி சுட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். அறிகுறி தெரிய வாரக்கணக்கானது. அரச கணக்கின்படி வைத்தியசாலைக்கு வந்தவர்கள் 6,530 பேர், இறந்தவர்கள் 459 பேர்.

நமக்கு இன்று வருவது திராம், கப்டான் போன்ற பங்கசு நாசினிகள் பூசிய விதை. பாதரசம் அளவுக்குக் கொடியதல்ல, ஆனாலும் நஞ்சுதான். எச்சரிக்கை தமிழில் இல்லாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள். மிஞ்சிய சோளனையோ பயற்றையோ கழுவிச் சமைக்க வேண்டாம், கோழிக்கும் போட வேண்டாம். தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

சொந்த விதை வைத்திருப்போருக்கு நஞ்சில்லாத வழியும் உண்டு. டென்மார்க்கின் ஜென்சன் 1880களில் தானியங்களுக்குச் செய்துகாட்டிய சுடுநீர் முறை அது. கத்தரி, தக்காளி விதையைத் துணியில் முடிந்து 50 பாகை செல்சியஸ் நீரில் 25 நிமிடம் வையுங்கள். பிறகு குளிர்நீரில் ஆறவைத்து உலர்த்துங்கள். சூடு கூடினால் விதை அவிந்துவிடும், குறைந்தால் பயனில்லை. கைப்பதம் பார்த்துச் செய்கிற வேலையல்ல. வெப்பமானி இல்லாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், பாடசாலை விஞ்ஞானகூடத்தில் இருக்கிறது.