இயக்கத் திருகும் பூட்டு மரையும்

ஊரைவிட்டு ஓரடியும் பெயராமலே மாநிலம் மாறிய மக்கள் உண்டு. மாதேசுவர மலைக் காடுகளினிடையே, ஒகேனக்கல்லுக்கு அண்மையில் உள்ள கோபிநத்தம் என்னும் சிற்றூரார் அத்தகையோர். தமிழ் வழங்கும் அவ்வூர் அடங்கிய கொள்ளேகால் வட்டம் 1956ஆம் ஆண்டு அக்டோபர் முடியச் சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. நவம்பர் முதல் நாள் மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது மைசூர் மாவட்டத்திலிருந்தும் பிரிந்தது. நிலத்தின் எல்லை மாறிய அந்த 1956ஆம் ஆண்டிலேயே, டிசம்பர் மாதத்தில், அளவைகளின் எல்லையும் மாறியது. அங்குலத்தையும் பவுண்டையும் நீக்கி மீட்டரையும் கிலோகிராமையும் நாட்டுக்குரிய அளவைகளாக்கும் சட்டம் அப்போதுதான் நிறைவேறியது. முன்னதன் விளைவை அரசியலார் எழுதியுள்ளனர். பின்னதன் விளைவைப் பட்டறைகளில் கைகறுக்க உழைத்தவர்களே நன்கு அறிவர். பெங்களூரிலும் பம்பாயிலும் கடைசல் இயந்திரத்தின் முன் நின்ற தமிழர் பலர் அவர்களுள் அடங்குவர். அவர்கள் நாள்தோறும் கையாண்ட இரு பொருள்களின் வரலாற்றை இங்கே சிறிது ஆராய்வோம்.

பட்டறையில் 'லீட் ஸ்குரூ' என்று வழங்கும் இயக்கத் திருகு ஒன்று. 'லாக் நட்டு' என்றும் 'செக் நட்டு' என்றும் சொல்லப்படும் பூட்டு மரை மற்றொன்று. இரண்டிலும் இருப்பது ஒரே புரிதான். எனினும் முன்னது அசைவதற்கென்றே பிறந்தது; பின்னது அசையாதிருக்கவே பிறந்தது. இவ்வேறுபாட்டை மறந்து பொருளைத் தேர்ந்தெடுப்பவன் இரண்டிலும் ஏமாறுகிறான்.

திருகுப் புரி மேனாட்டார் கொண்டுவந்த புதுமை என்று எண்ணுவோர் உளர். முழுவதும் அப்படியன்று. பருத்தியிலிருந்து கொட்டையை நீக்குவதற்கு நம் நாட்டுச் சிற்றூர்களில் வழங்கிய கைப்பொறியை நோக்குக. மேலும் கீழுமாக இரண்டு உருளைகள். அவற்றின் முனையில் மரத்திலேயே செதுக்கிய திருகுப் புரிகள் ஒன்றோடொன்று கவ்வி நிற்கும். ஒன்றைக் கையால் சுழற்றினால் மற்றது எதிர்முகமாகச் சுழலும். பஞ்சு உள்ளே போகும், கொட்டை வெளியே நின்றுவிடும். அச்சும் அளவுகோலும் இன்றி உளியால் அப்புரியைச் செதுக்கிய தச்சர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை. ஆனால் அவர்கள் செய்த புரி ஆற்றலைக் கடத்தியதேயன்றி இடத்தை அளக்கவில்லை. ஒரு சுற்றுக்கு இத்தனை தூரம் என்று கணக்கிட்டு நகர்த்தும் வேலை திருகுக்குப் பின்னால் வந்தது.

அவ்வேலையின் எளிய வடிவத்தை வாய்க்கால் தலைப்பில் காணலாம். மதகின் இரும்புப் பலகையைத் தூக்கும் நீண்ட திருகுத் தண்டும், மேலே சக்கரத்தோடு சுழலும் மரையும் நேயர்களுக்குத் தெரிந்தவையே. சக்கரத்தை விட்டுவிட்டுக் கரைக்காரர் வீட்டுக்குப் போகிறார். பலகை தன் கனத்தால் ஏன் இறங்கிவிடுவதில்லை? புரியின் சாய்வு உராய்வைக் காட்டிலும் குறைவாக இருப்பதே காரணம். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். நடுவிட்டம் 36 மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்கு 6 மில்லிமீட்டர் ஏற்றம் என்றால், சாய்வு ஏறத்தாழ 3 பாகை. இரும்பும் வெண்கலமும் உராயும்போது பிடித்து நிறுத்தும் கோணம் 8 பாகைக்குக் குறையாது என்று வைத்துக்கொண்டால், பாரம் தானே இறங்க வழியில்லை. இதற்கு நாம் கொடுக்கும் விலையும் சிறிதன்று: கையால் செலவிட்ட உழைப்பில் நான்கில் ஒரு பங்கே பாரத்தைத் தூக்கும், எஞ்சியது உராய்வில் போகும். மதகுக்கு அது நட்டமன்று. இரவில் பலகை நழுவி, கதிர் முற்றிய வயலில் வெள்ளம் புகுந்தால் ஏற்படும் நட்டம் எத்தனையோ மடங்கு பெரிது. ஆகவே இயக்கத் திருகைத் தேர்வோன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு எளிதாகச் சுழலும் என்பதன்று. கையை எடுத்தபின் என்ன நிகழும் என்பதே.

இனி அளக்கும் திருகுக்கு வருவோம். 1799இல் மைசூர்ப் போர் முடிந்ததும் அந்நாட்டை அளக்கத் திட்டம் வகுத்தவர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலையருகே தம் அடித்தளக் கோட்டை அளந்து பணியைத் தொடங்கினார். மைசூர் மேட்டு நிலத்தின் ஊடே மேற்குக் கடல்வரை முக்கோணங்கள் விரிந்தன. அவர் கையாண்ட பெரிய கோணமானி இலண்டனில் வில்லியம் கேரி செய்தது; வட்டத்தின் விட்டம் 36 அங்குலம்; நிறை ஏறத்தாழ அரை டன். வரும் வழியில் அதைத் தாங்கிய கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டுபோய், பின்னர் கருவியைத் திருப்பியனுப்பினர்.

அத்தகைய கருவியில் நம் பொருள்கள் இரண்டும் அருகருகே இருக்கும். வட்டத்தை இறுகப் பற்றி நிறுத்தும் பிடி ஒன்று; பற்றிய பின்னும் மயிரிழை மயிரிழையாக நகர்த்தும் சிறு திருகு மற்றொன்று. 1808இல் தஞ்சையில் மலையில்லாக் குறையைத் தீர்க்கப் பெரிய கோயில் விமானத்தின்மேல் கருவியை ஏற்ற முயன்றபோது, சுவரில் படாமல் விலக்கிப் பிடித்த கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியது. அடி முழுவதும் அந்தப் பிடியின்மீதும் திருகின்மீதும் விழ, வட்டமே கோணிப்போயிற்று. லாம்டன் கூடாரத்தினுள் புகுந்து, தலைமைக் கம்மியரைத் தவிர எவரையும் விடாமல், கருவியைத் துண்டு துண்டாகப் பிரித்தார். பெரிய பலகையொன்றில் உரிய அளவு வட்டத்தை வெட்டி, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு கோணிய வளையத்தைச் சிறிது சிறிதாக இழுத்து அதில் பொருத்தினார். ஆறு வாரம் ஆயிற்று. அதே கருவியோடு அளவை தொடர்ந்தது. உடன்நின்ற கம்மியர் யாவர் என்பதை அறிய நமக்கு ஆவல் உண்டு. வரலாறு லாம்டனின் பெயரை மட்டுமே எடுத்துச் சொல்கிறது.

அந்நாளில் நல்ல திருகு இத்தனை அரிதாக இருந்ததற்குக் காரணம், ஒரு திருகைச் செய்ய இன்னொரு திருகு வேண்டியிருந்ததுதான். தாய்த் திருகில் குற்றம் இருந்தால் சேய்த் திருகிலும் அது தோன்றும். இலண்டனில் ஜெஸ்ஸி ராம்ஸ்டனும், 1800ஐ ஒட்டி ஹென்றி மாட்ஸ்லேயும் இந்தச் சிக்கலை அவிழ்த்தனர். மாட்ஸ்லே செய்த ஒரு திருகு ஐந்தடி நீளம், இரண்டங்குல விட்டம், அங்குலத்துக்கு 50 புரி. அதன் மரையோ ஓரடி நீளமுள்ளது. 600 புரிகள் ஒருங்கே கவ்வும். ஏன் இத்தனை நீள மரை? ஒரு புரியிலுள்ள மிகையை இன்னொரு புரியிலுள்ள குறை ஈடுசெய்து, பிழை பரவி மெலிந்துவிடும் என்பதற்காகவே. இன்றும் அளவுக் கருவிக்கு மரை தேர்வோர் நீளத்தில் கஞ்சத்தனம் காட்டலாகாது.

அக்காலத்தில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதற்கே உரிய நட்டு. இடம் மாறினால் பொருந்தாது. மாட்ஸ்லேயின் பட்டறையில் பயின்ற ஜோசப் விட்வர்த் 1841இல் 55 பாகைப் புரியை முன்மொழிந்தார். 1864இல் அமெரிக்கர் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகை என்றார். இந்தியாவில் இரயிலோடு நுழைந்தது ஆங்கிலேயரின் அங்குலப் புரியே.

நம் காலத்துப் பெங்களூருக்கு வருவோம். அரிகரத்தில் 1941 முதல் மைசூர்க் கிர்லோஸ்கர் நிறுவனத்தார் கடைசல் இயந்திரம் செய்தனர். 1953இல் பெங்களூரில் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவப்பட்டது. அதற்குத் துணைநின்ற ஓர்லிகான் நிறுவனம் சுவிட்சர்லாந்து நாட்டினது, மீட்டர் வழியினது. நாட்டில் ஏற்கெனவே இருந்த எண்ணற்ற கடைசல் இயந்திரங்களின் இயக்கத் திருகோ அங்குலத்துக்கு நான்கு புரி என்ற கணக்கில் இருந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் 2 மில்லிமீட்டர்ப் புரி வெட்டச் சொன்னால் தொழிலாளி என் செய்வான்? இயந்திரத்தை எறிந்துவிட முடியுமா?

இங்கேதான் 127 பல் சக்கரம் துணைக்கு வந்தது. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஐந்து அங்குலம் சரியாக 127 மில்லிமீட்டர். கால் அங்குலத் திருகு ஒரு சுற்றுக்கு 6.35 மில்லிமீட்டர் நகர்த்தும்; அதிலிருந்து 2 மில்லிமீட்டர் பெற 40 பல்லும் 127 பல்லும் கொண்ட சக்கரங்களை இணைத்தால் போதும், பின்னக் குறையே இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. திருகைப் பற்றும் அரைமரையை நடுவில் திறக்கலாகாது. திறந்து மீண்டும் பற்றவைத்தால் உளி பழைய தடத்தில் விழாது. வேலை முடியும்வரை மரையைப் பூட்டியே வைத்து, இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டித்தான் உளியைத் தொடக்கத்துக்குக் கொணர வேண்டும். இதை மறந்து கெடுத்த தண்டுகள் எத்தனையோ.

அரைமரை என்றவுடன் புரியின் வடிவத்தையும் சொல்லவேண்டும். சதுரப் புரி உராய்வில் சிறந்தது. எனினும் இரண்டாகப் பிளந்த மரை அதனுள் எளிதில் புகாது, தேய்ந்தால் நெருக்கவும் இயலாது. அதனால் பக்கம் சாய்ந்த 29 பாகை ஆக்மி புரியும், மீட்டர் வழியில் 30 பாகைப் புரியும் கடைசல் இயந்திரத்துக்கு ஏற்றவையாயின. திருகு எஃகு, மரை வெண்கலம். செய்ய அரியதாகிய திருகு நிலைத்திருக்க, மாற்ற எளிதாகிய மரை முதலில் தேயவேண்டும் என்பதே இதன் நோக்கம். சாதாரணக் கடைசலுக்கு வேறு தண்டை வைத்து, புரி வெட்டும்போது மட்டும் இயக்கத் திருகை ஓட்டுவதும் அதன் உயிரைக் காக்கவே.

இனிப் பூட்டு மரை. இரண்டு நட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்குவது பழைய முறை. ஒன்று தடிமன், மற்றது மெல்லிது. எது கீழே இருக்க வேண்டும்? பட்டறைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் மெல்லியது மேலே உட்கார்ந்திருக்கும். அது தவறு. மேல் நட்டை இறுக்கும்போது பாரம் மேல் நட்டுக்கே மாறுகிறது. ஆகவே தடித்தது மேலேயும் மெல்லியது கீழேயும் இருத்தல் வேண்டும். தவறு பரவிய காரணம் அறியாமை மட்டுமன்று. சாதாரண ஸ்பானர் மெல்லிய நட்டைவிடத் தடிமன், கீழே நுழையாது. கருவியின் வசதிக்காகப் பொறியின் நியாயம் கைவிடப்பட்டது!

நட்டு எதனால் கழல்கிறது என்பதிலும் நெடுநாள் மயக்கம் இருந்தது. 1969இல் ஜெர்மானியப் பொறியாளர் ஜெர்ஹார்டு யுங்கர், போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்ச்சியைவிடக் குறுக்குவாக்கில் வரும் ஆட்டமே அதைக் கழற்றுகிறது என்று சோதித்துக் காட்டினார். அச்சோதனையில் வளைய வில் போன்ற வாஷர்கள் பயன் தரவில்லை. கோட்டைக் கொத்தளம் போல் வெட்டிய நட்டில் ஊசி செருகுவது நட்டு விழாமல் காக்கும், இறுக்கத்தைக் காக்காது. வண்டிச் சக்கரத்தின் அச்சில் இறுக்கம் வேண்டுவதில்லை, விழாதிருந்தால் போதும். அங்கே அதுவே பொருத்தம். நைலான் வளையம் வைத்த நட்டு அதிர்வுக்கு நல்லது. ஆனால் 120 பாகை சென்டிகிரேடைத் தாண்டும் சூட்டருகே அதை வைத்தல் கூடாது. மீண்டும் மீண்டும் கழற்றிப் பூட்டினாலும் அதன் பிடி தளரும்.

இக்காலக் கணினி இயந்திரங்களில் சதுரப் புரியும் ஆக்மி புரியும் ஒதுங்கி, மரைக்கும் திருகுக்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருளும் திருகு வந்துவிட்டது. செலவிட்ட உழைப்பில் பத்தில் ஒன்பது பங்கு பயன்படுகிறது. ஆனால் மதகைக் காத்த அந்த உராய்வு இங்கே இல்லை. நிமிர்ந்த அச்சில் இதைப் பொருத்துவோர் தடை ஒன்றையும் உடன் பொருத்தியாக வேண்டும். மின்சாரம் நின்றால் தலைப்பகுதி உருண்டு இறங்கிவிடும். இத்திருகின் முனையைத் தாங்கியில் அழுத்தி நிறுத்துவதும் ஒரு பூட்டு மரையே. அது மயிரிழை தளர்ந்தால் திருகே முன்னும் பின்னும் ஆடும். இயந்திரத்தில் வெற்றாட்டம் கண்டதும் குண்டுத் திருகு தேய்ந்ததென்று பெரும்பொருள் செலவழித்துப் புதிது வாங்குவோர் பலர். மூடியைக் கழற்றி, முனையிலுள்ள அந்த நட்டை முதலில் தொட்டுப் பார்த்தல் நலம்.