வாடைக்காற்றும் மாதோட்டத்து உழைப்பும்

திருக்கேதீஸ்வரத்தைச் சமய வரலாறு அறிந்த அளவுக்குப் பொருளியல் வரலாறு அறியவில்லை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய இத்தலம் மாதோட்டத் துறையைச் சார்ந்தது. அத்துறையோ பருவக்காற்றை நம்பி வாழ்ந்தது. 1980க்கும் 1984க்கும் இடையில் அங்கு நடந்த அகழாய்வில் சீன, மேற்காசிய மட்பாண்டங்கள் கிடைத்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்னும் காற்றுப் பெயர்களை வெறும் நாட்டார் வழக்காகத் தொகுத்துவைப்பதோடு நம் ஆய்வாளர் பலர் நிறைவடைகின்றனர். உண்மையில் அவை உழைப்பின் கலைச்சொற்கள். மார்கழி வாடையில் மன்னார்த் தீவின் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் ஒதுக்காகும். ஆதலால் மீனவர் தம் வாடிகளைத் தென்கரைக்கு மாற்றுவர். அதே பருவத்து மழையே அருவியாற்றின் வழியாகக் கட்டுக்கரைக்குளத்தை நிரப்பிக் காலபோக நெல்லை விளைவிப்பது. கடலோடியைப் பெயரச் செய்யும் பருவம் உழவனை வயலில் நிலைபெறச் செய்கிறது. வாடை தணிந்து சோழகம் எழுமுன் நிலவும் அமைதியிலேயே முத்துக்குளிப்பு நடைபெற்றது. கடலின் அமைதியை உடலால் அறிந்தவன் குளியாளி. ஆங்கிலேயராட்சியிற் சிப்பியின் பெரும்பங்கோ அரசுக்கே சென்றது.

எனினும் இவ்வறிவை மிகைப்படுத்தல் ஆகாது. பருவத்தின் ஒழுங்கை அது கூறும். புயலின் பாதையைக் கூறாது. 1964 டிசம்பர் 22இல் வீசிய புயல் தலைமன்னாரையும் எதிர்க்கரைத் தனுஷ்கோடியையும் தாக்கியது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் புகையிரதம் அன்றிரவு அலையுள் அமிழ்ந்தது.