வீட்டில் ஒரு பிரதி

1976இல் அமெரிக்க வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு தர்மசங்கடம். ஒரு சேனலில் மொட்டைத் தலை போலீஸ்காரர் கோஜாக் வருவார். இன்னொன்றில் கசங்கிய கோட்டோடு கொலம்போ வருவார். ஒருவரைப் பார்த்தால் மற்றவர் போனதுதான். சோனி நிறுவனம் தன் பீட்டாமேக்ஸ் டெக்கை விற்க இந்த இடத்தில்தான் கைவைத்தது. கொலம்போவைப் பார்ப்பதற்காகக் கோஜாக்கை இழக்க வேண்டியதில்லை என்றது அதன் விளம்பரம்.

இரண்டு தொடர்களுமே யுனிவர்சல் ஸ்டுடியோவின் சொத்து. அதன் தலைவர் சிட்னி ஷைன்பர்குக்கு விளம்பரத்தைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. தங்கள் படைப்பைக் காட்டி வேறொருவர் பெட்டி விற்பதா? டிஸ்னியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, அந்த ஆண்டு நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றத்தில் சோனி மீது வழக்குப் போட்டார். ஒளிபரப்பாகும் படத்தை வீட்டில் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டா என்ற கேள்வி முதன்முதலாகப் பெரிய அளவில் நீதிமன்றம் ஏறியது அப்போதுதான். ஓடிடி படத்தை டவுன்லோட் செய்து வைப்பது சரியா, தவறா என்று இன்று நடக்கும் வாதங்களில் பாதி அந்த வழக்கிலேயே பேசித் தீர்ந்தவை. மீதிப் பாதி இன்னும் தீரவில்லை.

அப்போதைய டெக் ஒன்றும் மலிவான பொருள் அல்ல. சுமார் 1,300 டாலர். முதலில் வந்த பீட்டா கேசட்டில் ஒரு மணி நேரம்தான் பதியும், முழுப் படம் கொள்ளாது. ஆனாலும் ஹாலிவுட் நடுங்கியது. 1982இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பேசிய திரைப்படச் சங்கத் தலைவர் ஜாக் வாலன்டி, தனியாக வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு பாஸ்டன் நகரத் தொடர் கொலைகாரன் எப்படியோ, திரைத்துறைக்கு வீடியோ டெக் அப்படி என்றார். மிகைப்பேச்சுக்குச் சினிமாக்காரர்களிடம் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை.

கீழ் நீதிமன்றம் 1979இல் சோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1981இல் மேல்முறையீட்டில் அது தலைகீழானது. உச்ச நீதிமன்றம் ஒருமுறை வாதம் கேட்டுவிட்டு முடிவுக்கு வர முடியாமல், மீண்டும் ஒருமுறை கேட்டது. 1984 ஜனவரி 17 அன்று வந்த தீர்ப்பு ஐந்துக்கு நான்கு. நீதிபதிகளின் குறிப்புகள் பின்னாளில் வெளியானபோதுதான் தெரிந்தது, தொடக்கத்தில் பெரும்பான்மை ஸ்டுடியோக்களின் பக்கமே இருந்தது என்று. பெரும்பான்மைக்காக எழுதிய நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ், ஒரு நிகழ்ச்சியைப் பதிந்துவைத்து வசதியான நேரத்தில் பார்ப்பது நியாயமான பயன்பாடே என்றார். குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய ஃபிரெட் ராஜர்ஸ், தன் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிவுசெய்து பார்ப்பதில் தனக்கு ஆட்சேபமில்லை என்று சாட்சி சொல்லியிருந்தார். தீர்ப்பில் அது இடம்பெற்றது.

இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுபவர்கள் அதன் எல்லையைச் சொல்வதில்லை. அது பேசியது காசில்லாமல் வானலையில் வரும் ஒளிபரப்பைப் பற்றி. ஒருமுறை பார்த்துவிட்டு அழிக்கும் பழக்கத்தைப் பற்றி. பதிந்ததை அலமாரியில் அடுக்கி நூலகம் சேர்ப்பதற்கும், கட்டணச் சேனலைப் பதிவதற்கும் நீதிமன்றம் தெளிவான அனுமதி எதையும் தரவில்லை. மக்கள் மட்டும் அடுக்கிக்கொண்டே போனார்கள். ஸ்டுடியோக்களுக்கும் நட்டமில்லை. 1980களின் முடிவுக்குள் அமெரிக்காவில் கேசட் வருமானம் தியேட்டர் வசூலையே தாண்டிவிட்டது.

அதே 1984இல் இந்தியாவில் காற்று எதிர்த்திசையில் வீசியது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சியும் வீடியோ டெக்கும் நாட்டுக்குள் பெருகியிருந்தன. தமிழ்நாட்டில் டெக்கை விலைக்கு வாங்கியவர்களைவிட வாடகைக்கு எடுத்தவர்களே அதிகம். டிவி, டெக், மூன்று கேசட் என்று ஒரு ராத்திரிக்கு எடுத்துவந்து தெருவே கூடி விடிய விடியப் பார்க்கும். வீடியோ கோச் பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் புதுப்படம் ஓடும். இங்கே பிரச்சினை தனியாள் செய்யும் பதிவு அல்ல, கள்ள கேசட். அந்த ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய நாடாளுமன்றம், வீடியோ கேசட்டைத் திரைப்படத்தின் வரையறைக்குள் கொண்டுவந்து, உரிமையாளர் விவரமும் தணிக்கைச் சான்றிதழின் நகலும் கேசட்டில் இருக்க வேண்டும் என்றது, தண்டனையையும் கூட்டியது. டெக் வைத்துப் பொதுக் காட்சி நடத்துவதை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அதே ஆண்டில் தனிச் சட்டம் போட்டது. இருபது ஆண்டு கழித்து, 2004இல், திருட்டு விசிடி விற்பவர்களைக் குண்டர் சட்டத்துக்குள் சேர்த்ததும் தமிழ்நாடுதான். சாராயக் கடத்தல்காரருக்கும் வீடியோ திருடருக்கும் ஒரே சட்டத்தின் தலைப்பில் இடம் கிடைத்தது.

ஜெர்மானியர்கள் வேறு வழி பார்த்தார்கள். வீட்டுக்குள் நடப்பதைத் தடுக்க முடியாது, தடுக்க வேண்டுமானால் வீடு வீடாகப் போலீஸ் நுழைய வேண்டும் என்பதை அவர்கள் சீக்கிரமே ஒப்புக்கொண்டார்கள். 1965லேயே பதிவுக் கருவிகள் மீது ஒரு கட்டணம் விதித்து, அதைப் படைப்பாளிகளுக்குப் பங்கிட்டார்கள். பிரிட்டன் 2014 அக்டோபரில்தான் சொந்தப் பயனுக்குப் பிரதி எடுப்பதைச் சட்டமாக்கியது. ஒன்பதே மாதத்தில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இந்த விஷயத்தில் ஜெர்மன் வழிதான் மனிதர்களின் இயல்பை அறிந்த வழி என்று தோன்றுகிறது.

வழக்கில் தோற்ற ஸ்டுடியோக்கள் பூட்டின் பக்கம் திரும்பின. 1985இல் ‘தி காட்டன் கிளப்’ படத்தின் கேசட்டில் மேக்ரோவிஷன் என்ற ஏற்பாடு வந்தது. டிவியில் படம் சரியாகத் தெரியும்; இன்னொரு டெக்கில் பிரதி எடுத்தால் வெளுத்தும் கறுத்தும் துடிக்கும். அடுத்து வந்த டிவிடியில் பூட்டு பிறவியிலேயே இருந்தது. 1998 அக்டோபரில் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம், அந்தப் பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக்கியது. வீட்டுப் பிரதியின் வரலாறு திரும்பிய இடம் இதுதான். சோனி தீர்ப்பை யாரும் ரத்து செய்யவில்லை. பிரதி எடுக்கும் உரிமை ஏட்டில் அப்படியே இருக்க, அதற்குப் போகும் வாசலைத் தொடுவது குற்றமானது.

அடுத்த ஆண்டே பூட்டு உடைந்தது. நார்வேயைச் சேர்ந்த பதினைந்து வயதுப் பையன் யோன் லெக் யோஹான்சன், தன் லினக்ஸ் கணினியில் டிவிடி ஓடவில்லை என்று, முகம் தெரியாத இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து டிஇசிஎஸ்எஸ் என்ற சிறு நிரலை வெளியிட்டான். 2000 ஜனவரியில் போலீஸ் வீட்டுக்கு வந்தது. நார்வே நீதிமன்றங்கள் 2003இல் இரண்டு முறை அவனை விடுவித்தன. காசு கொடுத்து வாங்கிய வட்டைத் தான் விரும்பிய கருவியில் பார்க்க ஒருவருக்கு உரிமை உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதே நிரலை வெளியிட்ட நியூயார்க் பத்திரிகை ஒன்று அமெரிக்க நீதிமன்றத்தில் தோற்றது. கோபக்காரர்கள் நிரலை டி-ஷர்ட்டில் அச்சிட்டுப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் அதைப் பிரம்மாண்டமான ஒரு பகா எண்ணாக மாற்றிக் காட்டினார். எண்ணைத் தடை செய்ய முடியுமா என்பதுதான் கேலி.

நேர்வழியில் முயன்றவர்களும் தப்பவில்லை. ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனம் 2008இல் ரியல்டிவிடி என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. சொந்த டிவிடியைக் கணினியில் சேமிக்கலாம். பிரதி மேலும் ஒரு பூட்டுக்குள் இருக்கும், யாருக்கும் கொடுக்க முடியாது. அதையும் நீதிமன்றம் 2009இல் தடுத்தது. 2010இல் 45 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது நிறுவனம். சொந்தப் பயனுக்காகப் பூட்டைத் திறக்க விலக்கு கேட்ட மனுக்களை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2012லும் 2015லும் ஏற்கவில்லை. வகுப்பில் படத் துணுக்கு காட்டும் ஆசிரியர்களுக்கு விலக்கு வேண்டுமா என்ற 2009 விசாரணையில் நடந்தது தனிக் கூத்து. டிவி திரைக்கு எதிரே வீடியோ கேமராவை வைத்துப் படம்பிடித்தால் போதுமே என்று திரைப்படச் சங்கமே செய்து காட்டியது. தியேட்டரில் அதே காரியத்தைச் செய்தால் இந்தியாவில் 2023 முதல் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை.

ஸ்ட்ரீமிங் வந்தபோது கையில் பிடிக்க வட்டும் இல்லை. நெட்ஃபிளிக்ஸ் 2007இல் இணையம் வழியாகப் படம் காட்டத் தொடங்கி, பல ஆண்டுகள் டவுன்லோட் பேச்சையே எடுக்கவில்லை. அது தேவையற்ற சிக்கல் என்று 2015இல் அதன் தயாரிப்புத் தலைவர் நீல் ஹண்ட் சொன்னார். அதற்குள் ஆஃப்லைன் பழக்கத்தின் அவசரத்தை வேறொருவர் உணர்ந்திருந்தார். 2014 டிசம்பரில் யூடியூப் இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் ஆஃப்லைன் வசதியைத் திறந்தது. சேமித்த வீடியோவை 48 மணி நேரம் இணையமில்லாமல் பார்க்கலாம். டேட்டா பேக்கை எண்ணி எண்ணிச் செலவழித்த காலம் அது. ஜியோ வர இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. 2015 செப்டம்பரில் அமேசான், 2016 ஜனவரியில் இந்தியா உள்பட 130 நாடுகளில் நுழைந்த நெட்ஃபிளிக்ஸ் அதே ஆண்டு நவம்பர் 30 அன்று என்று வரிசையாக டவுன்லோட் பொத்தானை வைத்தன. இணையம் விட்டு விட்டு வரும் நாடுகளில் கடை விரித்தவர்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

அந்தப் பொத்தான் தருவது கேசட்டைப் போன்ற பிரதி அல்ல. கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டு அந்தச் செயலிக்குள்ளேயே கிடக்கும். திறக்கும் சாவி போன் சிப்பின் பாதுகாக்கப்பட்ட பகுதியில் இருக்கும். ஆண்ட்ராய்டில் இதைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் கூகுளின் வைட்வைன். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கறுப்பாக வருவதும் இதே ஏற்பாட்டால்தான். சில படங்கள் ஓட்டத் தொடங்கிய 48 மணி நேரத்தில் காலாவதியாகும். சிலவற்றை ஆண்டுக்கு இத்தனை முறைதான் இறக்கலாம். சந்தா நின்றால் எல்லாம் போகும். தளத்துக்குப் படத்தின் உரிமம் முடிந்தாலும் போகும். 2024இல் நெட்ஃபிளிக்ஸின் புதிய விண்டோஸ் செயலியிலிருந்து டவுன்லோடே எடுக்கப்பட்டுவிட்டது. ரயில் பயணத்துக்கு இது போதும். அலமாரிக்கு ஆகாது.

பூட்டை மீறிச் சேமித்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் பதில் எளிது: சட்டமீறல். இந்தியச் சட்டம் கொஞ்சம் இளகியது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. அடுத்த உட்பிரிவிலேயே, இந்தச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத நோக்கத்துக்காகச் செய்வது குற்றமாகாது என்கிறது. அதே திருத்தம், தனிப்பட்ட பயனுக்கான நியாயமான கையாளுதல் என்ற விலக்கைத் திரைப்படங்களுக்கும் நீட்டியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், சந்தா கட்டியவர் தனக்காக மட்டும் எடுக்கும் பிரதிக்கு வாதாட இடமுண்டு. ஆனால் வாதாட இடம் இருப்பது வேறு, ஜெயிப்பது வேறு. தளத்தின் நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டுதான் சந்தாதாரர் உள்ளே வருகிறார். மீறினால் கணக்கை முடக்க வழக்குத் தேவையில்லை. அந்தப் பிரதியை ஒரு டெலிகிராம் குழுவில் போட்டுவிட்டால் விலக்கு எதுவும் உதவாது.

பிரதி எடுப்பவர்களை வெறும் கஞ்சர்கள் என்று தள்ளிவிடவும் முடியாது. பிபிசி தன் பழைய ‘டாக்டர் ஹூ’ நாடாக்களை அழித்துவிட்டது. தொலைந்த அத்தியாயங்கள் ஒவ்வொன்றின் ஒலியும் இன்று கிடைப்பது, ரசிகர்கள் வீட்டில் டேப் ரெக்கார்டரில் பதிந்ததால். பிலடெல்பியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி 1970களில் தொடங்கி 2012இல் இறக்கும் வரை தொலைக்காட்சிச் செய்திகளை இடைவிடாமல் பதிந்தார். சுமார் 70,000 கேசட்டுகள். இன்டர்நெட் ஆர்க்கைவ் அவற்றை ஏற்றுக்கொண்டது.

தளங்கள் தாங்கள் எடுத்த படத்தையே தூக்கிவிடும் காலத்தில் இது சின்ன விஷயம் அல்ல. டிஸ்னி தயாரித்த ‘கிரேட்டர்’ என்ற சிறுவர் படம் 2023 மே 12 அன்று அதன் சொந்தத் தளத்தில் வெளியாகி, ஏழே வாரத்தில் நீக்கப்பட்டது. பிறகு இணையக் கடைகளில் விலைக்கு வந்தது. விலைக்கு வாங்கியவர்களுக்கும் உத்தரவாதம் கிடையாது. அதே ஆண்டு டிசம்பரில், பிளேஸ்டேஷன் கடையில் காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் மறையப் போவதாகச் சோனி அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பி, புதிய உரிம ஒப்பந்தமும் ஆன பிறகே முடிவு மாறியது. கோஜாக்கைப் பதிந்துகொள்ளச் சொன்ன அதே சோனி.

கலிபோர்னியா 2024 செப்டம்பரில் இதற்கென்று ஒரு சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. டிஜிட்டல் படத்தையோ விளையாட்டையோ விற்கும் கடை, வாடிக்கையாளர் பெறுவது பின்னால் பறிபோகக்கூடிய உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்று எழுதக் கூடாது. மாதச் சந்தாத் தளங்களுக்கு இது பொருந்தாது. இணையமில்லாமல் என்றைக்கும் பார்க்கும்படி முழுக் கோப்பை இறக்கித் தரும் கடைகளுக்கும் விலக்கு உண்டு. அவை தாராளமாக ‘வாங்குங்கள்’ என்றே எழுதலாம்.