சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்: போரும் கெடாத் தோட்டத் தமிழரும்

பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் 1946-இல் ஏ. எம். சாமி திரட்டிய தொண்டர் படையைக் கள்ளுக்கடை மறியலாகவே பலரும் எழுதி முடித்துவிடுகிறார்கள். மதுவிலக்கு அதன் முகம்தான். அதைப் பெற்றெடுத்தது போர் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

போருக்கு முன் தோட்டத் தமிழர் எதிர்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. துரையையோ கிராணியையோ (தோட்ட எழுத்தரையோ) எதிரில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று. படையை ஏவி அதை அடக்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள், டிசம்பரில், ஜப்பானியர் படையெடுத்தபோது அதே பிரிட்டிஷ் பேரரசின் படை கெடாவின் ஜித்ராவில் சில நாள்கூடத் தாக்குப்பிடிக்காமல் தெற்கே ஓடியது. துரைமார் பங்களாக்களைப் போட்டுவிட்டுப் போனதை லயத்துச் சனம் வாசலில் நின்று பார்த்தது. தோட்ட அதிகாரத்தின் பாதி பலம் அச்சம்தானே!

அடுத்து வந்தது பசி. ரப்பரை வாங்கிய அமெரிக்காவும் பிரிட்டனும் எதிரி நாடுகளாகிவிட்டதால் பால்வெட்டு பெரும்பாலும் நின்றது. பர்மா அரிசியின் வரத்து குறைந்தது. நெல் விளையும் கெடாவிலேயே தோட்டத்தார் மரவள்ளிக்கிழங்கைத் தின்று, சாக்கைத் தைத்து உடுத்தினர். 1943 அக்டோபரில் கெடா சயாமின் கைக்கு மாறியது. ஜப்பானியப் படையோ நகரவில்லை.

பசியோடு ஆள்பிடிப்பும் சேர்ந்தது. ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். அதற்காக மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். காலராவும் மலேரியாவும் அவர்களை ஆயிரக்கணக்கில் கொன்றன. நேச நாட்டுக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தமிழருக்கு அப்படி இல்லை. ஆள் பிடிக்கப் புதிதாக எதையும் அமைக்க வேண்டியிருக்கவில்லை. வேலைக்கு முன் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்ட ஏற்பாடே போதுமானதாக இருந்தது. பிழைத்து வந்தவர்கள் கிராணியையும் கங்காணியையும் பழைய கண்ணால் பார்த்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

மறுபுறம் இந்திய தேசிய ராணுவம். ஜித்ராப் போரில் பிடிபட்ட மோகன் சிங் அலோர் ஸ்டாரில்தான் அதற்கு வித்திட்டார். 1943-இல் நேதாஜி வந்த பிறகு தோட்ட இளைஞர்கள் திரளாகச் சேர்ந்தனர். எல்லாரையும் தேசப்பற்று இழுத்தது என்பது மிகை. சயாமுக்குப் போகாமல் தப்பிக்கச் சேர்ந்தவர்களும் இருந்தனர். எதற்காகச் சேர்ந்திருந்தாலும் அணிவகுக்கவும் ஆணையிடவும் கற்றுக்கொண்டார்கள். தொண்டர் படையின் சீருடையிலும் பயிற்சியிலும் அந்தத் தடம் தெரிகிறது.

போர் முடிந்து திரும்பி வந்த தோட்ட நிர்வாகங்கள் எதிர்பார்த்தது 1941-க்கு முந்திய தொழிலாளியை. 1947 ஏப்ரலில் கரங்கான் டப்ளின் தோட்டத்தில் கூடியிருந்தவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஒருவர் இறந்தார். இந்தக் கொந்தளிப்பு முழுவதையும் கம்யூனிஸ்டுகளின் தூண்டுதல் என்று தள்ளிவிடுவது ஆட்சியாளருக்கு வசதியான விளக்கம். கம்யூனிஸ்டுகளின் செல்வாக்கு இருந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கும் தொழிலாளியைப் போர்தான் உருவாக்கியிருந்தது. தேசிய ராணுவத்திலிருந்து தொழிற்சங்கத் தலைமைக்கு வந்த எஸ். ஏ. கணபதியை 1949 மே மாதம் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள்.