ஜொகூர் மாநிலத்துச் சமூகக் கல்லூரிகள்

மலேசியத் தீபகற்பத்தின் தென்கோடி மாநிலமாகிய ஜொகூரில், பள்ளிப் படிப்பை முடித்த இளைஞருக்குத் தொழிற்சான்றிதழ்க் கல்வியையும், ஊர்ப் பொதுமக்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகளையும் அளித்துவரும் அரசாங்க ஸ்தாபனங்கள் சமூகக் கல்லூரிகளாம். மலாய் மொழியில் ‘கோலேஜ் கொமுனிட்டி’ என வழங்கும் இவை, உயர்கல்வி அமைச்சின் கீழ், பாலிடெக்னிக்குகளையும் சமூகக் கல்லூரிகளையும் ஒருங்கே மேற்பார்வையிடும் துறையினால் நிர்வகிக்கப்படுகின்றன. பெருநகரங்களை விட்டு விலகி, தோட்டங்களும் சிறு பட்டணங்களும் சூழ்ந்த உட்பிரதேசங்களில் இவற்றுள் பல நிலைகொண்டிருப்பதே இவற்றின் விசேஷ லட்சணமாகும்.

தோற்றம்

மலேசியாவில் ஐந்தாம் படிவத்தின் முடிவில் எழுதப்படும் எஸ்.பி.எம். தேர்வு, பதினேழு வயது மாணவர்களின் பாதைகளைப் பிரித்துவிடும் சந்தியாக நெடுங்காலம் இருந்து வந்திருக்கிறது. நன்கு தேறியவர்களுக்கு ஆறாம் படிவமும் சர்வகலாசாலையும் உண்டு. இடைத்தரத்தினருக்கு, 1969ஆம் ஆண்டில் ஈப்போ நகரில் நிறுவப்பெற்ற உங்கு ஒமார் பாலிடெக்னிக்கை முன்னோடியாகக் கொண்டு நாடெங்கும் தோன்றிய பாலிடெக்னிக்குகள் உண்டு. மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சிக் கழகங்களும் ஓரளவு இடமளித்தன. ஆயினும் சாமானியமான தேர்ச்சியோடு வெளியேறி, வீட்டு நிலைமையின் காரணமாக வெளியூர் சென்று தங்கிப் படிக்கவும் இயலாத பெருந்தொகையினர், யாதொரு பயிற்சியுமின்றியே வேலைச்சந்தையில் இறங்க நேர்ந்தது. இக்குறையைக் களையும் உத்தேசத்துடன் கல்வி அமைச்சு வகுத்த திட்டத்துக்கு 2000ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமைச்சரவை அனுமதி வழங்கிற்று. மறு ஆண்டில், எட்டாவது மலேசியத் திட்டத்தின் தொடக்கத்தில், 12 முன்னோடிக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. ஜொகூரின் வடபகுதியிலுள்ள சிகாமட் நகரம் இந்த முதல் வரிசையில் இடம்பெற்றது.

2004ஆம் ஆண்டில் உயர்கல்விக்கெனத் தனி அமைச்சு அமைந்தபோது சமூகக் கல்லூரிகள் அதன் பொறுப்பில் வந்தன. இன்று நாடு முழுவதிலும் இத்தகைய கல்லூரிகள் நூற்றுக்கும் மேற்பட்டவை.

ஜொகூரில் அமைந்துள்ள முறை

19,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பும், 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 40 லட்சம் மக்களும் கொண்ட ஜொகூர், 10 மாவட்டங்களாகப் பிரிந்துள்ளது. சிகாமட், லேடாங், பாகோ, பாசிர் கூடாங், தஞ்சோங் பியாய், பண்டார் பெனாவார் முதலிய இடங்களின் பெயர்களை இங்குள்ள சமூகக் கல்லூரிகள் தாங்கி நிற்கின்றன. இவற்றுள் பண்டார் பெனாவார் நீங்கலாக ஏனைய ஐந்தும் நாடாளுமன்றத் தொகுதிகளின் பெயர்களாகவும் இருப்பது தற்செயலன்று. ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதிக்கும் ஒரு கல்லூரி என்பதே மூலத் திட்டத்தின் லட்சியமாகும். 26 தொகுதிகளையுடைய ஜொகூரில் அந்த லட்சியம் முற்றுப்பெறவில்லையெனினும், நகரத்து மாணவனுக்கும் கிராமாந்தர மாணவனுக்கும் தூரத்தினால் உண்டாகும் ஏற்றத்தாழ்வு கூடாது என்னும் அதன் கருத்து இன்றளவும் இக்கல்லூரிகளின் அமைப்பில் விளங்குகிறது.

ஒவ்வொரு கல்லூரியின் சுற்றுப்புறமும் வெவ்வேறு ஜீவனோபாயத்தைக் கொண்டது. சிகாமட்டும் அதே மாவட்டத்திலுள்ள லாபிசும் ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த தோட்டப்புறப் பட்டணங்கள். பாகோவை உள்ளடக்கிய மூவார் வட்டாரம் மரத்தளவாட உற்பத்திக்குப் பேர்போனது. பாசிர் கூடாங், 1977ஆம் ஆண்டில் துறைமுகம் செயற்படத் தொடங்கியதிலிருந்து இரசாயன, உலோகத் தொழிற்சாலைகளின் நிலையமாக வளர்ந்தது. பண்டார் பெனாவாரின் ஒருபுறம் தெசாரு கடற்கரையின் உல்லாச விடுதிகளும், மறுபுறம் பெங்கெராங்கின் பெட்ரோலிய ஆலைகளும் உள்ளன. வட்டாரத்தின் தேவையறிந்து பாடங்களை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது சமூகக் கல்லூரியின் அடிப்படை விதியாதலின், இவ்வேறுபாடுகள் கல்லூரிகளின் போக்கிலும் பிரதிபலிக்க வேண்டியவை.

சான்றிதழ்க் கல்வி

தொடக்க ஆண்டுகளில் ‘தேசிய மாடுலர் சான்றிதழ்’ என்ற பெயரில் நடைபெற்ற கல்வி, பின்னர் ‘சமூகக் கல்லூரிச் சான்றிதழ்’ ஆயிற்று. மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் இச்சான்றிதழ் மூன்றாம் நிலையிலும் டிப்ளோமா நான்காம் நிலையிலும் வைக்கப்பட்டுள்ளன. மின்தொழில், வாகனப் பராமரிப்பு, கணினியும் வலையமைப்பும், சமையற்கலை, பேஸ்ட்ரி, ஆடை வடிவமைப்பு, விடுதிச் சேவை, வணிக நடைமுறை ஆகியவை இக்கல்லூரிகளில் பரவலாகக் கற்பிக்கப்படுபவை. கட்டணம் ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 200 ரிங்கிட் அளவில் இருப்பதால், கூலி வேலை செய்யும் பெற்றோரும் தம் மக்களைத் தயக்கமின்றிச் சேர்க்கலாம். சான்றிதழ்க் கல்வியின் ஒரு பகுதியை மாணவர் தொழிலகங்களிலேயே பயிற்சியாகக் கழிப்பர். சான்றிதழ் பெற்றவர் டிப்ளோமா வகுப்புக்கோ, பாசிர் கூடாங்கிலுள்ள இப்ராகிம் சுல்தான் பாலிடெக்னிக் போன்றவற்றுக்கோ மேற்சென்று, அங்கிருந்து பட்டப்படிப்புக்கும் ஏறிச் செல்ல வழியுண்டு.

பயிற்சியின் தன்மையை மின்தொழில் வகுப்பைக் கொண்டு விளக்கலாம். மாணவன் முதலில் பலகையின் மீது குழாய் பதித்து, விளக்குக்கும் மூன்றுமுனைச் செருகுவாய்க்கும் கம்பி இழுத்து, பச்சை மஞ்சள் கோடிட்ட நிலக்கம்பியை உரிய முனையில் இறுக்குகிறான். அதன் பின்னும் அவன் மின்சாரத்தைத் தொடுவதற்கில்லை. கம்பித் தொடர்ச்சி அறுபடாதிருக்கிறதா, காப்புறை கசிவின்றியுள்ளதா, முனைகள் இடம் மாறாதுள்ளனவா என்று கருவி வைத்து ஒன்றன்பின் ஒன்றாக அளந்து, அளவுகளைத் தாளில் எழுதி, பயிற்றுநர் பார்த்து ஒப்பிய பிறகே ஆளி போடப்படும். கண்ணுக்குத் தெரியாத பிழையைக் கருவியின் துணையால் தேடும் இந்தப் பொறுமை, ஒரு குடும்பத்தின் உயிரைக் காக்கும் பொறுமையாகும். இதனாலன்றோ எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்றவரே கம்பியமைப்புப் பணிக்குப் பொறுப்பேற்கலாம் என்று சட்டம் விதித்திருக்கிறது!

வாழ்நாள் கல்வி

2011ஆம் ஆண்டில் அரசாங்கம் வெளியிட்ட, 2020 வரைக்குமான வாழ்நாள் கல்வித் திட்டம் சமூகக் கல்லூரிகளுக்கு முக்கிய ஸ்தானம் அளித்தது. ஓரிரு நாட்களில் முடியும் குறுகிய பயிற்சிகளில் ரொட்டி, கேக் செய்தல், தையல், குளிர்சாதனப் பெட்டி பராமரிப்பு, கணினிப் பிரயோகம் முதலியவை கற்பிக்கப்படுகின்றன. இல்லத்தரசிகளும் ஓய்வுபெற்றோரும் சிறு வியாபாரிகளும், பள்ளியை விட்டு முப்பது நாற்பது ஆண்டுகள் ஆன பின், மறுபடியும் மாணவராக இங்கே அமர்கின்றனர். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கும் ஒரு தாய், மாவை நிறுத்து அளக்கவும், அடக்கவிலை கணக்கிடவும், பொட்டலத்தின் மேல் தேதி பொறிக்கவும் கற்றுக்கொள்வாளாயின், பண்டிகைக் காலத்து வருமானம் ஆண்டு முழுவதற்குமான தொழிலாக மாறக்கூடும். இதற்கு இணையாக, தொழிலனுபவத்தையே கல்வித் தகுதியாக மதிப்பிட்டு உயர்படிப்புக்கு அனுமதிக்கும் முறையொன்றையும் மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனம் நடத்துகிறது.

பயிற்றுநர் கல்வி

தொழிற்கல்விக்கு ஆசிரியரைத் தயாரிக்கும் பணியிலும் ஜொகூருக்குத் தனிச் சிறப்புண்டு. பத்து பகாட்டை அடுத்த பாரிட் ராஜாவில் 1993ஆம் ஆண்டில் பாலிடெக்னிக் ஊழியர் பயிற்சி மையமாகத் தொடங்கிய ஸ்தாபனம், 1996இல் துன் உசேன் ஓன் தொழில்நுட்பக் கழகமாகவும், 2000இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகவும், 2007இல் துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகமாகவும் படிப்படியாக உயர்ந்தது. தொழிற்கல்விப் போதனையைத் தனிச் சாஸ்திரமாகக் கொண்டு ஆராய்வது அதன் மரபு.

தமிழ்ச் சமூகம்

ஜொகூரில் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல தோட்டங்களில் பிறந்தவை. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போன காலத்தில், தலைமுறைகளாக மரத்தையே நம்பியிருந்த குடும்பங்கள் வேறு தொழிலறியாது பட்டணத்தின் ஓரங்களில் குடியேறின. அக்குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்றபின், இடைநிலைப் பள்ளியில் மலாய் மொழிப் போதனைக்குப் பழக வேண்டியவர்கள். மொழி மாற்றத்தின் சிரமத்தால் சிலர் புகுமுக வகுப்பில் ஓராண்டைச் செலவிட்டவர்கள். இத்தகையோரின் தேர்வுப் பெறுபேற்றைக் கொண்டு அவர்தம் திறமையை அளந்துவிடுதல் நியாயமாகாது. வீட்டுக்கு அருகே, சொற்பச் செலவில், கைத்திறனை முறைப்படுத்தித் தரும் சமூகக் கல்லூரி அவர்களுக்கு உண்மையான இரண்டாம் வாயில். தமிழ்ப் பெற்றோரும் ஆலய நிர்வாகத்தினரும் இளைஞர் மன்றத்தாரும் இதனை அறிந்து பிறர்க்கும் அறிவித்தல் அவசியம்.

பிற நாடுகளில்

1844ஆம் ஆண்டில் டென்மார்க்கின் ரோடிங் என்னுமிடத்தில் தோன்றிய மக்கள் உயர்நிலைப் பள்ளியும், 1901இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நிறுவப்பட்ட ஜோலியட் கல்லூரியும் இவ்வகைக் கல்விக்கு முற்பட்ட உதாரணங்கள். 1946ஆம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர்கல்விக் குழு, 1947இல் வெளியிட்ட அறிக்கையின் வாயிலாக, சமூகக் கல்லூரி என்னும் கருத்தை அமெரிக்காவெங்கும் பரப்பியது. இந்தியாவில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இலும், சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் 1996இலும் சமூகக் கல்லூரிகளைத் தொடங்கின. இவற்றோடு ஒப்பிடுகையில், ஜொகூரின் கல்லூரிகள் முற்றிலும் அரசாங்கத்தின் படைப்பாக இருப்பதால் நிதியும் அங்கீகாரமும் உறுதியாகக் கிடைக்கின்றன.

மதிப்பீடு

கைத்தொழிற் கல்வி தேர்வில் தோற்றவர்க்குரியது என்னும் அபிப்பிராயம் பெற்றோரிடையே இன்னும் நீங்கவில்லை. 1924ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற தரைப்பாலத்தின் வழியே அன்றாடம் சிங்கப்பூருக்குச் செல்லும் தொழிலாளர் கூட்டத்தில், சான்றிதழில்லாதவர் உடலுழைப்புக்கும், சான்றிதழுள்ளவர் தேர்ச்சிக்கும் ஊதியம் பெறுகின்றனர் என்ற ஒன்றே அவ்வபிப்பிராயத்தை மறுக்கப் போதுமானது. உள்ளூர் ஊதியம் திறனுக்குத் தக்கவாறு உயருமாயின், பயிற்சி பெற்ற இளைஞர் சிகாமட்டிலும் மூவாரிலுமே தொழில் நடத்தி அப்பட்டணங்களை வளப்படுத்துவர். ஊருக்கெனக் கல்லூரி அமைத்ததன் பயனும் அப்போதுதான் முழுமை பெறும்.